இண்டைய ஸ்னோ ஒட்டுமா?

பனி கொட்டிய காலையில் ரொறன்ரோப் பிள்ளைகள் இரண்டு கேள்விகளோடு எழும்புவார்கள். பள்ளிக்கூட பஸ் ஓடுதா? இண்டைய ஸ்னோ ஒட்டுமா? முதல் கேள்விக்கு வானொலி பதில் சொல்லும். இரண்டாவதற்கு வாசற்கதவைத் திறந்து ஒரு பிடி அள்ளித்தான் பார்க்கவேண்டும்.

ஸ்காபுறோத் தொடர்மாடிகளிலும் மார்க்கத்து வரிசை வீடுகளிலும் 90களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்த அம்மா அப்பாவுக்குப் பனி என்றால் குளிர், வழுக்கல், வேலைக்குப் பிந்துவது. பிள்ளைகள் பழகியது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம். அவர்களிலும் பாதிப்பேர் ஜமேய்க்காவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைகள். தெரிந்த ஓரிருவரிடமிருந்து தெரு முழுவதும் பரவிய அறிவு அது. 1999 ஜனவரியில் நகரத்தில் ஒரே மாதத்தில் 118 சென்ரிமீற்றர் அளவுக்குப் பனி கொட்டி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டபோது கோட்டை கட்டி விளையாடியவர்களுக்கு இன்று சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லச் சொன்னால் அவர்களுக்கே தடுமாற்றம். எது எப்போது சரிவரும், எது பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

கைப்பிடிச் சோதனை

மிற்றன் (விரல் பிரியாத கையுறை) போட்ட கையால் ஒரு பிடி அள்ளி, மூன்று எண்ணும்வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். உதிர்ந்து ஓடினால் தூள் பனி. உருண்டையாக நின்று, மேலே மிற்றனின் தையல் அடையாளம் தெரிந்தால் அது கட்டுகிற பனி. இறுக்கும்போதே தண்ணீர் சொட்டினால் அன்று பூட்ஸ் நனைவதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது. வெறுங்கையால் சோதிக்க வேண்டாம். கைச்சூடு மேற்பரப்பை உருக்கி, தூள் பனிகூட ஒட்டுவதுபோலக் காட்டிவிடும்.

வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீர்தான். 0 பாகைக்குக் கிட்ட இருக்கும் பனியில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அழுத்தும்போது அந்த நீர் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தொடுமிடங்கள் உறைந்து இறுகும். பனி ஆய்வாளர்கள் கனவளவில் 3 முதல் 8 வீதம் தண்ணீர் உள்ளதை ஈரப் பனி என்று வகைப்படுத்துகிறார்கள். நன்றாகக் கட்டும் பனி பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் நிற்கும். 15 வீதத்தைத் தாண்டினால் சேறு. -10 பாகைக்குக் கீழே விழுந்த பனியில் அழுத்தினால் பிடிக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது, எவ்வளவு இறுக்கினாலும் பிரயோசனம் இல்லை.

பொதுவாக -2க்கும் +2க்கும் இடைப்பட்ட நாள்தான் கட்டுகிற நாள். அன்றைய உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் நேரத்தையும் பாருங்கள். காலை 8 மணிக்கு -7இல் உதிர்ந்த அதே பனி, வெயில் பட்டு மதியம் 1 மணிக்கு அருமையாக ஒட்டும். ரொறன்ரோவில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் இறங்கிவிடும், அதற்குப் பிறகு மேலே ஓடு கட்டத் தொடங்கும். ஒட்டவில்லை என்று காலையில் முகத்தைத் தொங்கப்போட்டு வந்த பிள்ளையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை திரும்ப அனுப்பிப் பாருங்கள்.

தூள் பனியில் ஓட்டம்

ஒட்டாத பனி வீண் என்று நினைப்பது பெரியவர்களின் பிழை. தூள் பனி ஓட்டத்துக்கும் தடத்துக்கும் உரியது. இறக்கைச் சித்திரம் எல்லோருக்கும் தெரிந்தது: மல்லாக்க விழுந்து கைகால்களை விசிறி, பனியில் ஒரு தேவதையின் உருவத்தைப் பதிப்பது. அதை எழும்பும்போதுதான் கெடுப்பார்கள். கையை ஊன்றாமல் வயிற்றை இறுக்கி எழும்பி உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, இன்னொரு பிள்ளை நேர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தால் உருவம் முழுதாக இருக்கும். தனியாகச் செய்தால் நடுவில் ஒரு கைத்தடம் விழத்தான் செய்யும்.

கனடாவில் பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது, நரியும் வாத்தும். யாரும் மிதிக்காத வெளி வேண்டும். ஒருவர் நடுவில் நிற்க, மற்றவர் 5 மீற்றர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்துச் சுற்றி நடந்தால் 10 மீற்றர் விட்டமுள்ள வட்டப் பாதை வரும். நடுவால் மூன்று குறுக்குப் பாதைகளை மிதித்தால் ஆறு ஆரங்கள். ஒருவர் நரி, மற்றவர்கள் வாத்து; நரி துரத்திப் பிடிக்கவேண்டும். எல்லோரும் பாதையில் மட்டும் ஓடவேண்டும். பாதையை விட்டு இறங்கியவர் அடுத்த நரி. நடுப்புள்ளியில் ஒரு வாத்துக்குத்தான் இடம், இன்னொன்று வந்தால் முதலில் நின்றது வெளியேற வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்தால் சுவையில்லை, எட்டுக்கு மேல் போனால் மோதல். அரை மணி நேரத்தில் பாதை மினுங்கத் தொடங்கும். மிதித்து இறுகிய பனி வழுக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பக்கத்தில் புது வட்டம் போட்டுவிடுங்கள்.

கோட்டில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் கிளித்தட்டையும் இதே முறையில் போடலாம், எங்கள் வீட்டுப் பெரியவர்களையும் வெளியே இழுக்கக்கூடிய ஒரே பனி விளையாட்டு அது. கோடுகளை பூட்ஸால் மிதித்துப் போட்டால் சுண்ணாம்பை விடத் தெளிவாக விழும். ஒரு சிக்கல் உண்டு. மறிப்பவர்கள் மிதித்த கோட்டில் விரைவாக ஓடுவார்கள், தட்டுக்குள் நிற்பவர்கள் ஆழப் பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். 10 சென்ரிமீற்றருக்கு மேல் பனி இருந்தால் தட்டுகளையும் ஒருமுறை மிதித்துத் தட்டையாக்குங்கள், அல்லது தட்டுகளை வழமையை விடப் பெரிதாகப் போடுங்கள். மாமாமார் முதல் ஆட்டத்திலேயே விழுவார்கள். சாதாரணச் சப்பாத்தோடு இறங்க விடாதீர்கள்.

பனிமனிதன்: பாரக் கணக்கு

கட்டுகிற பனி கிடைத்த நாளில் எல்லோரும் முதலில் ஓடுவது பனிமனிதனுக்கு. அநேகமானவை இரண்டாவது உருண்டையோடு நின்றுவிடும், அதற்குக் காரணம் பாரம். உருட்டி இறுகிய ஈரப் பனி கன மீற்றருக்கு 400 கிலோ அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 90 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அடி உருண்டை ஏறக்குறைய 150 கிலோ. நடு உருண்டை 60 சென்ரிமீற்றர் என்றால் 45 கிலோ. தலை 45 சென்ரிமீற்றர் என்றால் 19 கிலோ. பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தலையைத் தூக்குவதே பெரும்பாடு. பிள்ளைகள் மட்டும் கட்டுவதென்றால் 60, 40, 30 என்று இறங்குங்கள். அப்போது நடு உருண்டை 13 கிலோ, தலை 6 கிலோதான்.

அடி உருண்டையை எங்கே நிறுத்துவது என்று உருட்டத் தொடங்க முன்னரே முடிவெடுக்கவேண்டும். நிறுத்தும் இடத்தை நோக்கித்தான் உருட்டவேண்டும், பிறகு அசைக்க முடியாது. வீட்டின் வடக்குப் பக்க நிழல் நல்லது. தெற்கே வெயில் படும் முற்றத்தில் சூரியனைப் பார்த்த பக்கம் முதலில் உருகி, இரண்டு மூன்று நாளில் ஆள் தெற்கே சாய்ந்துவிடும்.

ஒரே திசையில் உருட்டினால் உருண்டை வராது, பீப்பாய்தான் வரும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்புங்கள். உருட்டிய தடத்தில் புல் தெரிந்தால் பனி முழுதாக எழும்பி வருகிறது என்று அர்த்தம், கட்டுவதற்கு மிக நல்ல பனி. ஆனால் இலையும் சேர்ந்து வரும், கடைசிச் சுற்றைப் புதுப் பனியில் உருட்டினால் வெளித்தோல் வெள்ளையாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுமுன் கீழ் உருண்டையின் தலையையும் மேல் உருண்டையின் அடியையும் சவளால் தட்டையாக்குங்கள். தூக்க முடியாவிட்டால் ஒரு பலகையைச் சாய்த்து உருட்டி ஏற்றலாம். இடுக்கில் சுற்றிவர ஈரப் பனியை அடைத்து இறுக்குங்கள். இந்த அடைப்பைச் செய்யாததுதான் இரவில் தலை விழுவதற்கு முதற் காரணம். கரட் மூக்கு வைத்தால் ரொறன்ரோ அணில்கள் அடுத்த நாளே கணக்கை முடித்துவிடும். காய்ந்த தடித்துண்டு வைத்தால் மார்ச் வரை நிற்கும்.

இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். புதிதாக விழுந்த 15 சென்ரிமீற்றர் பனியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 15 கிலோதான் இருக்கும். பெரிய பனிமனிதன் மூன்று உருண்டையும் சேர்த்து 215 கிலோ. 14 சதுர மீற்றர் வெறுமையாகும். வரிசை வீட்டின் முன்முற்றம் அநேகமாக அவ்வளவுதான். ஒரு வீட்டு முற்றத்தில் ஒன்றுதான் கட்டலாம், கோட்டையும் வேண்டுமென்றால் பக்கத்து முற்றங்களின் பனி வேண்டும். கூட்டுச் சேராமல் பனியில் விளையாட முடியாது என்பதற்கு நட்பை விட இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம். பக்கத்து வீட்டில் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு அள்ளுங்கள். சிலருக்குத் தங்கள் முற்றத்துப் பனி மிதிபடாமல் இருக்கவேண்டும்.

கோட்டை

3 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் உயரம், 30 சென்ரிமீற்றர் தடிப்பு. நாலு பிள்ளைகள் குந்தியிருந்து ஒளிக்க இது போதும். 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியால் கல் வார்த்தால் 54 கல் வேண்டும், ஒவ்வொன்றும் 4 கிலோ. பெரிய 40 லீற்றர்ப் பெட்டி எடுத்தால் விரைவில் முடியும் என்று தோன்றும். நிரம்பினால் 16 கிலோ, பிள்ளைகளால் கவிழ்க்க முடியாது, கவிழ்த்தாலும் மூலை உடையும். 4 லீற்றர் ஐஸ்கிறீம் வாளி சிறியவர்களுக்குச் சரியான அளவு.

பெட்டியை வீட்டுக்குள் இருந்து எடுத்துவந்த உடனே நிரப்பாதீர்கள். சூடான பிளாஸ்ரிக் ஓரத்துப் பனியை உருக்கும், அது திரும்ப உறைந்து பெட்டியோடு பிடித்துவிடும். பத்து நிமிடம் வெளியே வைத்துக் குளிரவிட்டுப் பிறகு நிரப்பினால் ஒரு தட்டில் கழன்று விழும். ஒரே தடவையில் நிரப்பி மேலால் அழுத்தினால் அடிப்பக்கம் இளக்கமாக இருக்கும். மூன்று படையாகப் போட்டு ஒவ்வொன்றையும் மிதித்து இறுக்கவேண்டும். முதல் வரிக்கு நிலத்தைத் தட்டையாக மிதியுங்கள். இரண்டாவது வரிக் கல் கீழே இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே வரவேண்டும். பொருத்துகள் ஒரே நேர்கோட்டில் வந்தால் ஒருவர் சாய்ந்தாலே சுவர் பிளக்கும். வேலை முடிந்து வெப்பநிலை -5க்குக் கீழே இறங்கியபின் தெளிப்புப் போத்தலால் மெல்லத் தண்ணீர் அடித்தால் வெளியே ஐஸ் தோல் பிடிக்கும். வாளியால் ஊற்றினால் சுவரில் ஓட்டை விழும், நடைபாதையும் கண்ணாடி ஆகும். உணவுச் சாயத்தைக் கலந்து அடிக்க ஆசைப்படுவார்கள். மிற்றனும் ஜக்கெற்றும் சேர்ந்து சிவக்கும், பிறகு என்னைக் குறை சொல்லவேண்டாம்.

தூள் பனி நாளிலும் கோட்டை கட்டலாம், முறை வேறு. சவளால் ஒரு நீண்ட குவியல் போட்டு, மேலே தட்டிவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் விடவேண்டும். சவள் பட்டு உடைந்த துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தொடுமிடங்களில் தாமாகவே பிணையத் தொடங்கும். தெருவில் பனி அகற்றும் வண்டி தள்ளிவிட்ட மேடு அடுத்த நாள் காலையில் சவளுக்கே அசையாமல் நிற்பதும் இதனால்தான். பிறகு குவியலைச் செதுக்கிச் சுவராக்கலாம். பொறுக்காமல் உடனே செதுக்கினால் முழுவதும் சரியும், பிள்ளைகளுக்கு இந்த இரண்டு மணி நேரம்தான் கஷ்டம். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கச் சரியான நேரம் அது.

கூரை போடுவதிலும் சுரங்கம் தோண்டுவதிலும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். பனி இலேசானது என்ற நினைப்பு பொய். ஒரு கன மீற்றர் இறுகிய பனி 400 கிலோ, நெஞ்சின்மேல் விழுந்தால் பிள்ளையால் கத்தவும் முடியாது. தெருவோரத்துப் பனி மேட்டில் சுரங்கம் தோண்டவே கூடாது. பனி வண்டி ஓட்டுநருக்கு உள்ளே இருக்கும் பிள்ளை தெரியாது. சுவர் இருக்கட்டும், கூரை வேண்டாம், கோட்டை வீட்டுப் பக்கமாக இருக்கட்டும், உயரம் பிள்ளையின் நெஞ்சைத் தாண்டவேண்டாம். வீட்டுக் கூரையிலிருந்து ஐஸ் ஊசி தொங்கும் இடத்துக்குக் கீழேயும் கட்டாதீர்கள்.

எறிதல்

ஒன்ராறியோவில் பல பள்ளிக்கூடங்களில் பனியை நிலத்திலிருந்து எடுக்கவே கூடாது என்பது சட்டம். அதனால் உருண்டைச் சண்டை முழுவதும் தெருவில்தான் நடக்கும், அதற்கான சட்டமும் தெருவே போட்டதுதான். கழுத்துக்கு மேலே எறியக்கூடாது. வாகனத்துக்கும் நடந்து போகிறவர்களுக்கும் எறியக்கூடாது. விழுந்து கிடப்பவருக்கு எறியக்கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், நேற்றைய உருண்டையை எறியக்கூடாது. சண்டைக்கு முதல் நாள் இரவு அம்பது உருண்டை செய்து ஒளித்து வைக்கும் கெட்டிக்காரர் எல்லாத் தெருவிலும் இருப்பார். விடியும்போது அவை உருண்டையாக இருக்காது, ஐஸ் கல்லாக இருக்கும். கண் போகும். தெருவோரப் பனியில் உப்பும் சரளைக்கல்லும் கலந்திருக்கும், புல் நிலத்துப் பனியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

சறுக்குமேடு

கையில் காசில்லாத காலத்தில் பெட்டி மட்டையும் குப்பைப் பையும்தான் வண்டி. மட்டை மூன்று நாலு ஓட்டத்தில் ஊறிப் பிய்யும், குப்பைப் பைக்குள் நுழைத்துக் கட்டினால் பின்னேரம் வரை தாக்குப்பிடிக்கும். அடியில் கிடக்கும் கல்லும் வேரும் முதுகுக்கு நேராகத் தெரியும் என்பதால் இப்போது நாங்கள் அதைச் சொல்வதில்லை. சுருட்டி எடுத்துப்போகும் பிளாஸ்ரிக் விரிப்பான கிரேஸி கார்ப்பெற் மலிவு, ஆனால் அதிலும் அடியில் மெத்தை கிடையாது, கடுங்குளிரில் ஓரம் வெடிக்கும். வட்டத் தட்டுத் திருப்ப முடியாமல் சுழலும், பின்பக்கமாகப் போய் எதில் இடிக்கிறோம் என்றே தெரியாது. சிறியவர்களுக்கு ஓரம் உயர்ந்த நீள வண்டி நல்லது.

மேட்டைத் தெரிவு செய்யும்போது இறக்கத்தை விட அதன் முடிவைத்தான் பார்க்கவேண்டும். கீழே வண்டி தானாக நிற்கும்வரை வெறும் சமதரை இருக்கவேண்டும். மரம், வேலி, வாங்கு, தெரு, வாகனத் தரிப்பிடம் எதுவும் வழியில் வரக்கூடாது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு வேண்டாம். 2024 ஜனவரியில் ரொறன்ரோ நகரம் 45 மேடுகளில் சறுக்கத் தடை என்று பலகை நட்டபோது ஊரே சிரித்தது, கோபப்பட்டது. தடைசெய்த மேடுகளில் சிலவற்றில் ஒரு தலைமுறையே சறுக்கி வளர்ந்திருக்கிறது. இருந்தாலும் பலகை நின்றால் வேறு மேட்டுக்குப் போய்விடுங்கள். நகரத்தின் இணையத்தளத்தில் சறுக்கக்கூடிய மேடுகளின் பட்டியல் இருக்கும், றிவர்டேல் கிழக்குப் பூங்கா போன்ற பழைய மேடுகளில் சனிக்கிழமை மதியம் கால்வைக்க இடம் இருக்காது. காலை 10 மணிக்கு முன் போங்கள்.

ஆழமான புதுப் பனியில் வண்டி புதையும். முதலில் நாலைந்து பேர் பக்கம் பக்கமாக மிதித்து ஒரு ஓடுபாதை போட்டு, இரண்டு மூன்று மெதுவான ஓட்டத்தில் அதை இறுக்கவேண்டும். ஏறுவது எப்போதும் ஓடுபாதைக்குப் பக்கத்தால். பாதையில் ஏறினால் பூட்ஸ் குழி விழும், மேலிருந்து வருகிறவர் காலையும் முறிப்பார். அடித்தட்டில் வெள்ளை மெழுகுதிரியைத் தேய்த்தால் வேகம் கூடும். -20இல் எதைத் தேய்த்தாலும் பெரிதாக ஓடாது. வண்டிக்கு அடியில் உருகிய நீர்ப்படலம் போதியளவு உருவாகாததால் பனி ஆற்றுமணல்போல உரசிப் பிடிக்கும். இதற்கு நேர் எதிர்தான் ஆபத்து: ஒரு நாள் உருகி இரவில் உறைந்த காலையில் மேடு முழுவதும் ஐஸ், காலால் நிறுத்தவே முடியாது. அன்று போகவேண்டாம்.

இருந்தோ முழந்தாளிட்டோ, முன்னுக்குப் பார்த்தபடிதான் சறுக்கவேண்டும். குப்புறப் படுத்துத் தலை முன்னுக்குப் போவதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது, தலையில் அடிபடுவதும் அப்படித்தான். ஐஸ் ஹொக்கி அல்லது ஸ்கீ ஹெல்மெற் போடுங்கள். கட்டுப்பாடு போனால் வண்டியைக் காப்பாற்றாமல் பக்கவாட்டில் உருண்டு விழச் சொல்லிப் பழக்குங்கள், சமதரையில் ஒரு தடவை பழக்கிக் காட்டினால் போதும். மேட்டுக்குக் காரில் போகும்போது தடித்த ஜக்கெற்றோடு பிள்ளையை ஆசனப் பட்டியில் கட்டாதீர்கள். மோதினால் ஜக்கெற் நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்துவிடுங்கள்.

மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் புதுக் குடியிருப்புகளில் வீடுகளுக்குப் பின்னால் மழைநீர்க் குளங்கள் இருக்கின்றன. அவற்றின் கரைச் சரிவு சறுக்க வசதியாகத் தெரியும். தெருவுப்பு கலந்த தண்ணீர் வந்து சேருவதாலும் நீர்மட்டம் ஏறி இறங்குவதாலும் அங்கே ஐஸ் ஓரிடத்தில் தடிப்பாகவும் அடுத்த அடியில் மெல்லியதாகவும் இருக்கும். மேலே எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கால்வைக்கக் கூடாது.

உடுப்பும் குளிரும்

எங்கள் வீடுகளில் ஒரு பிழை வழமையாக நடக்கும். பிள்ளைக்குக் குளிரும் என்று பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அனுப்புவோம். பிள்ளை ஓடும், வியர்க்கும், பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் நடுங்கும். தோலோடு ஒட்டி மெல்லிய செயற்கை நூல் அல்லது கம்பளி உள்ளுடுப்பு, நடுவில் ஒரு ஃபிளீஸ், மேலே தண்ணீர் இறங்காத ஜக்கெற்றும் ஸ்னோ பான்ற்ஸும். வெளியே கால்வைத்த முதல் ஐந்து நிமிடம் இலேசாகக் குளிர்ந்தால் உடுப்புச் சரி.

போடும் ஒழுங்கு முக்கியம். முதலில் கழிப்பறை, மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றவேண்டும். பிறகு ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், கழுத்துறை, ஜக்கெற், தொப்பி, கடைசியாக மிற்றன். பான்ற்ஸின் உள்விளிம்பு பூட்ஸுக்கு வெளியே வரவேண்டும், உள்ளே செருகினால் பனி நேரே காலுக்குப் போகும். விரல் பிரிந்த கையுறையை விட மிற்றன் சூடு, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். சால்வை கட்டவேண்டாம், சறுக்கும்போது எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். காலுக்கு இரண்டு மேசு போட்டு இறுக்குவதும் பிழை, இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விரைவாக விறைக்கும். தடித்த கம்பளி மேசு ஒன்று, உள்ளே விரல் அசைய இடம், அது போதும். ஒரு பிள்ளைக்கு மிற்றன் இரண்டு சோடியாவது வேண்டும்.

வெப்பநிலை -25க்குக் கீழே போனாலோ காற்றுக் குளிர் (காற்றும் சேர்ந்து உடல் உணரும் குளிர்) -28ஐத் தொட்டாலோ பிள்ளைகளை வெளியே விளையாட விடவேண்டாம் என்பது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அதற்கு முன்னரும், -10 போன்ற நாளில் சிறியவர்களை அரை மணிக்கு ஒருமுறை உள்ளே கூப்பிடுங்கள். மூக்கு நுனி, காது, கன்னம், விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். எங்கள் தோலில் குளிர் பிடித்த இடம் சிவப்பாகத் தெரிவது குறைவு, சாம்பல் பூத்ததுபோல வெளிறி, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். நோகுது என்று அழுத பிள்ளை திடீரென்று நோகவில்லை என்றால் உடனே உள்ளே கொண்டுபோங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். கையை அக்குளுக்குள் வைக்கலாம், அல்லது 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தலாம். உணர்ச்சி இல்லாத விரலுக்கு ஹீற்றர் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அரை மணியில் நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டாலோ தோல் கட்டியாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போகவேண்டும். வசலின் கன்னம் வெடிப்பதைக் குறைக்கும், உறைவைத் தடுக்காது.

நாக்கை இரும்புக் கம்பத்தில் வைக்கும் பிள்ளை ஒவ்வொரு மாரியிலும் ஒன்று இருக்கும். இழுக்கவேண்டாம். மூச்சுக்காற்றை ஊதச் சொல்லுங்கள், இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கம்பத்தில் ஊற்றுங்கள், கழன்றுவிடும்.

உள்ளே வந்த பிறகு

வாசலிலேயே பனியைத் தும்புத்தடியால் தட்டிவிட்டுத்தான் கழற்றவேண்டும், உள்ளே உருகினால் மேசு நனையும். பூட்ஸின் உள்ளுறையை வெளியே இழுத்துத் தனியாகக் காயவையுங்கள். அப்படியே விட்டால் விடியும்வரை ஈரம் போகாது, அடுத்த நாள் விரல் விறைப்பதற்குக் குளிரை விட அந்த ஈரம்தான் காரணம். கழற்ற முடியாத பூட்ஸ் என்றால் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, ஒரு மணி நேரத்தில் புதுத் தாள் மாற்றுங்கள். மிற்றனை நிலத்து வெப்பக்காற்று வாயிலுக்குப் பக்கத்தில், வாய் திறந்தபடி நிறுத்தி வையுங்கள். வாயிலை முழுதாக மூடினால் மிற்றனும் காயாது, வீடும் சூடாகாது.

தோல் பூட்ஸில் விழும் வெள்ளைக் கோடு தெருவுப்பு. வெள்ளை விநாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொருமுறை துடையுங்கள். மார்ச் வரை அப்படியே விட்டால் தோல் வெடித்துவிடும், அடுத்த வருடம் தம்பிக்குப் போட பூட்ஸ் மிஞ்சாது.